புது மினி டிராக்டருக்கு முதல் 50 மணி நேர சர்வீஸ்: என்ஜின் ஆயிலோடு நிறுத்திவிடாதீர்கள்

வந்திருக்கும் கேள்வி இது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் 24 ஹெச்.பி. ஃபோர் வீல் மினி டிராக்டர் புதிதாக எடுத்திருக்கிறார். ரொட்டவேட்டர், சின்ன டிப்பர், மருந்தடிக்கும் டேங்க், இவ்வளவுதான் அதற்கு வேலை. மீட்டர் 46 மணி நேரம் காட்டுகிறது. ஷோரூமில் கேட்டால் மெக்கானிக் வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். "நானே ஆயில் மாற்றிக்கொள்ளலாமா? வாரண்டி போய்விடுமா? ஆயில் இப்போதே கன்னங்கரேல் என்று இருக்கிறதே, இது சரியா? ஆயில் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

வாரண்டியை முதலில் பார்த்துவிடுவோம். வண்டியோடு கொடுத்த சர்வீஸ் புத்தகத்தில் இலவச சர்வீஸ் கூப்பன்கள் இருக்கும். இலவசம் என்பது பெரும்பாலும் கூலிக்கு மட்டும்தான். ஆயில், ஃபில்டர் காசு நம்முடையது. கூப்பனில் மணி நேரமும் தேதியும் எழுதி டீலர் முத்திரை விழ வேண்டும். நீங்களே ஆயில் மாற்றினால் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நாளைக்கு கியர் பெட்டியிலோ ஹைட்ராலிக் பம்பிலோ ஏதாவது கிளம்பினால், கம்பெனி ஆள் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஆகவே முதல் சர்வீஸை மட்டுமாவது டீலர் மெக்கானிக் கையால் செய்துகொள்ளுங்கள். தோப்புக்கே வரச் சொல்லிப் பாருங்கள், பல இடங்களில் வருகிறார்கள். இன்றைக்கே மீட்டரைப் படம் எடுத்து, "46 மணி நேரம் ஆகிவிட்டது, முதல் சர்வீஸ் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். தாமதம் யார் பக்கம் என்ற பேச்சு பின்னால் வந்தால் அது கையில் இருக்கும்.

அதுவரை ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். இரண்டு மூன்று மணி நேரம் முன்பின் ஆனால் குற்றமில்லை; 60, 70 என்று இழுக்கக் கூடாது. தேங்காய் ஏற்றுவது, மருந்தடிப்பது மாதிரி லேசான வேலைக்கு எடுங்கள், ரொட்டவேட்டரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். லேசான வேலை என்றதும் நிறுத்திய இடத்தில் ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட வேண்டாம். புது என்ஜினுக்கு அதிக பாரம் எவ்வளவு கெடுதலோ, பாரமே இல்லாமல் ஓடுவதும் கெடுதல்தான். சூடும் அழுத்தமும் போதாமல் பிஸ்டன் ரிங் லைனரில் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள் சுவரில்) சரியாக உட்காராது, பிறகு ஆயில் குடிக்கும். இன்னொன்று, எண் சுழலும் மெக்கானிக்கல் மீட்டர் என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஓடுவது. மெதுவாக ஓட்டினால் அதுவும் மெதுவாகத்தான் ஏறும், கடிகார நேரம் அதைவிட அதிகமாகவே ஆகியிருக்கும். புத்தகத்தில் மணி நேரத்தோடு மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

இனி, ஏன் 50? பின்னால் 200, 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று சொல்லும் கம்பெனியே முதல் தடவை மட்டும் 50-இல் மாற்றச் சொல்கிறது. ரிங்கும் லைனரும், கியர் பற்களும், பேரிங்குகளும் ஒன்றோடொன்று உரசி உட்காரும் காலம் இது. அப்போது உதிரும் இரும்புத்தூள், வார்ப்பின் மூலையில் ஒட்டியிருந்த மணல், கேஸ்கெட் பசையின் துணுக்கு எல்லாம் ஆயிலுக்குள்தான் வரும். அதை வெளியே எடுப்பதுதான் முதல் சர்வீஸின் முதல் வேலை. இந்த உரசல் என்ஜினில் மட்டும் நடப்பதில்லை. கியர் பெட்டியில், பின் ஆக்ஸிலில், ஃபோர் வீல் என்பதால் முன் ஆக்ஸிலிலும் நடக்கிறது. ஆனால் அவசரத்தில் வரும் மெக்கானிக் என்ஜின் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றி, நாலு இடத்தில் கிரீஸ் அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வியும் என்ஜின் ஆயிலைப் பற்றியே இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆயில் கறுத்ததற்குப் பயப்பட வேண்டாம். டீசல் என்ஜினில் சில மணி நேர ஓட்டத்திலேயே ஆயில் கறுத்துவிடும். புகைக்கரியை அடியில் படியவிடாமல் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அதில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கிறதா? ஆயில் அளவு தானாக ஏறாது; ஏறினால் டீசலோ தண்ணீரோ இறங்குகிறது என்று அர்த்தம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை தூக்கலாக அடித்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இவை எதுவும் இல்லை என்றால் வெறும் கறுப்புக்கு மதிப்பே இல்லை.

மெக்கானிக் வந்ததும் என்ஜினை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கச் சொல்லுங்கள். சூட்டில் ஆயில் இளகி அடியில் தங்கியதையும் இழுத்துக்கொண்டு வரும். டிரெயின் பிளக்கை, அதாவது ஆயில் இறக்கும் அடித் திருகைக் கழற்றியதும் உடனே துடைக்க விடாதீர்கள், கையில் வாங்கிப் பாருங்கள். பல வண்டிகளில் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒரு படலம் இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழவழவென்று போனால் சரி, உட்கார வேண்டியவை உட்கார்ந்திருக்கின்றன. நறநறவென்று தட்டுப்பட்டாலோ, நகத்தில் குத்தும் அளவுக்குச் செதில் இருந்தாலோ, மஞ்சள் நிறத்தில் பித்தளை மாதிரி மினுக்கினாலோ அங்கேயே நிறுத்திப் படம் எடுத்துவிடுங்கள். பேரிங்கோ, புஷ்ஷோ, கியர் பல்லோ உதிர்கிறது. வாரண்டியில் பேச வேண்டிய விஷயம் இது. புது ஆயிலை ஊற்றி மூடிவிட்டால் அடையாளமும் போய்விடும். பிளக்கில் காந்தம் இல்லாத வண்டி என்றால், இறக்கிய ஆயிலில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி அலசி எடுத்துப் பார்த்தால் போதும்.

ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்து, ஓடும்போது ஆயில் முழுக்க வெளியே பீய்ச்சிவிடும். முகத்தைத் துடைத்து, புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பொதுவாக அது போதும், ஸ்பேனர் வேண்டாம். பிளக்கின் செம்பு வாஷரும் புதிதாக இருக்கட்டும். ஃபில்டர் மேலேயே மார்க்கரால் தேதியும் மணி நேரமும் எழுதிவிடுங்கள்.

எந்த ஆயில் என்றால், நம் ஊர் மினி டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 கெட்டித்தன்மை, சிஐ-4 தரம் சொல்லியிருப்பார்கள். உங்கள் புத்தகத்தில் இருப்பதுதான் முடிவு. விலை கூடினால் நல்லது என்று பெரிய வண்டிக்கான ஆயிலை வாங்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் வந்த டிரெம்-4 புகை விதி 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான், உங்கள் வண்டி அதில் வராது. பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லும் லிட்டர் கணக்கையும் நம்ப வேண்டாம். மஹிந்திரா ஜீவோ 245-உம் குபோட்டா பி2441-உம் 24 ஹெச்.பி.தான், ஆனால் முதலாவது இரண்டு சிலிண்டர், அடுத்தது மூன்று சிலிண்டர். ஹெச்.பி. ஒன்று என்பதால் ஆயில் அளவும் ஒன்றாகிவிடாது. ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் லைட் அணைகிறதா பார்த்து, நாலைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து சமதளத்தில் டிப் ஸ்டிக் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.

இப்போது கியர் பெட்டி. உங்கள் வண்டியில் பெரும்பாலும் கியருக்கும், பின் ஆக்ஸிலுக்கும், ஹைட்ராலிக் லிஃப்டுக்கும், ஆயிலில் மூழ்கிய பிரேக்குக்கும் ஒரே ஆயில்தான். சின்ன வண்டியிலும் பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கும். கியர் பற்களில் இருந்து உதிரும் தூள் அதே ஆயிலில் சுற்றி ஹைட்ராலிக் பம்புக்கும் கன்ட்ரோல் வால்வுக்கும் போகிறது. அங்கே இருக்கும் இடைவெளி தலைமுடியை விடக் குறுகலானது. தூள் போய் உட்கார்ந்தால் லிஃப்ட் குலுங்கிக் குலுங்கி ஏறும், ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தினால் நிற்காமல் இறங்கும். அது ஒரே நாளில் வராது, வாரண்டி முடிந்த பிறகும் வரலாம். இதைத் தடுப்பதற்கு இருப்பது ஒரு ஹைட்ராலிக் ஃபில்டரும், சில வண்டிகளில் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு கம்பி வலையும்.

முதல் 50-இல் சில கம்பெனிகள் ஃபில்டரை மட்டும் மாற்றி வலையைக் கழுவச் சொல்லும், சில கம்பெனிகள் ஆயிலையும் மாற்றச் சொல்லும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். 50 என்ற கட்டத்துக்குக் கீழே டிரான்ஸ்மிஷன், ஹைட்ராலிக் வரிசைகளில் என்ன குறி போட்டிருக்கிறது என்று மெக்கானிக் வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். "அதெல்லாம் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்ங்க" என்று அவர் சொன்னால் அட்டவணையைக் காட்டிக் கேளுங்கள். ஃபில்டரை முன்கூட்டியே ஆர்டர் போட்டு வாங்கி வைப்பது இன்னும் நல்லது. கையில் பொருள் இல்லை என்பதாலேயே நிறைய இடத்தில் இது விட்டுப்போகிறது.

ஆயில் மாற்றுவதாக இருந்தால் அந்தப் புத்தகம் சொல்லும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில், அதாவது யு.டி.டி.ஓ. வகை, அதை மட்டும் ஊற்றுங்கள். விலையைப் பார்த்து சாதாரண கியர் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது கறகறவென்று அதிரும். ஊற்றி முடித்ததும் லிஃப்டை நாலைந்து தடவை மேலே கீழே ஓட்டி, கடைசியில் இறக்கி வைத்து அளவு பாருங்கள். ஆயிலில் நுரை நின்றாலோ பம்ப் விசில் மாதிரி சத்தம் போட்டாலோ உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. வலையின் மூடியையும் ஹோஸ் கிளிப்பையும் பாருங்கள்.

முன் ஆக்ஸிலுக்குத் தனி ஆயில். இந்த சர்வீஸில் அளவும் நிறமும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். நெல் வயலில் சேற்றுழவுக்கு விட்டிருந்தால் மட்டும் கவனம்: பால் நிறமாக இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது.

அடுத்தது நட்டு போல்ட். என்னைக் கேட்டால் புது வண்டியில் ஆயிலுக்குச் சமமாக இதைத்தான் வைப்பேன். புது வண்டியில் ரிம்முக்கும் டிஸ்க்குக்கும் நடுவில், போல்ட் தலைக்கு அடியில் எல்லாம் புது பெயின்ட் இருக்கும். ஓட ஓட அந்த பெயின்ட் நசுங்கும், அந்த அளவுக்கு நட்டு தளரும். தளர்ந்த நட்டோடு வண்டி ஓடினால் ஸ்டட் ஆடி ஆடி மரை தேயும், ரிம் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. பின் சக்கரத்தில் இரண்டு வரிசை உண்டு: ஆக்ஸிலில் பிடிக்கும் நட்டுகள் ஒன்று, டிஸ்க்கையும் ரிம்மையும் இணைக்கும் போல்ட்கள் இன்னொன்று. இரண்டாவது வரிசையை நிறைய பேர் தொடுவதே இல்லை. டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு எதிரெதிராக முறுக்கச் சொல்லுங்கள். பைப் போட்டு ஏறி மிதிப்பது வேண்டாம், ஸ்டட் இழுபட்டுப் போகும். முறுக்கியதும் நட்டிலிருந்து ரிம் வரைக்கும் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், காலையில் வண்டி எடுக்கும்போது ஒரு பார்வையிலேயே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நட்டைச் சுற்றித் துரு நிறத்தில் பொடி படிந்திருந்தால் அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது.

சக்கரத்தோடு முடியவில்லை. முன் ஆக்ஸிலைத் தாங்கும் பிராக்கெட், என்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடம், ஸ்டியரிங் ராடு முனைகள், ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்கள், பின்னால் டிப்பர் மாட்டும் ஹிட்ச், எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். பிளவு பின் இருக்கிற இடத்தில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பகுதியை மெக்கானிக் வருவதற்கு முன்பே நீங்களே செய்யலாம், வாரண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காற்று போகும் பாதைக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கோடையில் தோப்புக்குள் ரொட்டவேட்டர் ஓட்டினால் வண்டியே தெரியாத அளவுக்குப் புழுதி கிளம்பும். ஏர் ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்பைக் கழற்றி, உள்ளே சுத்தமான விரலை விட்டு ஒரு சுற்று தடவி எடுங்கள். விரல் சுத்தமாக வர வேண்டும். செம்மண் பொடி ஒட்டி வந்தால் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு புழுதி உள்ளே போகிறது: கிளிப் தளர்ந்திருக்கலாம், குழாய் சரியாக உட்காராமல் இருக்கலாம், ஃபில்டர் கோணலாக இருக்கலாம். இப்படியே ஒரு சீசன் ஓடினால் ரிங்கும் லைனரும் தேய்ந்து, புது என்ஜின் பழைய என்ஜின் மாதிரி ஆயில் குடிக்கும். ஆயிலை எவ்வளவு மாற்றினாலும் இதைச் சரிசெய்யாவிட்டால் பயனில்லை. உங்களுடையது காகித ஃபில்டர் என்றால் தினமும் கழற்றித் தட்டாதீர்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கொஞ்சம் புழுதி உள்பக்கம் விழும், தட்டினால் விளிம்பு நசுங்கி அடைப்பு போய்விடும். கம்ப்ரஸர் காற்று அடிப்பதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே, 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல். ஆயில் கிண்ணம் உள்ள பழைய வகை என்றால் கிண்ணத்தின் அடியில் சேறு தேங்கியிருக்கும். அதைக் கொட்டிக் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். புது பெல்ட் இந்தக் காலத்தில் கொஞ்சம் நீளும். கிளட்ச் பெடலில் வெறும் ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் என்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும். பிரேக் பெடல்கள் இரண்டிலும் ஆட்டம் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் பூட்டி ரோட்டில் ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டிப்பர் மாட்டியிருந்தால் அது ஆபத்து. டீசல் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நின்றால் இறக்கிவிட்டு, கிண்ணத்தைக் கழற்றினால் டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுக்க மறக்காதீர்கள். ரேடியேட்டர் முன்னால் உள்ள வலையில் மட்டைத் தும்பும் பூச்சியும் அடைத்திருக்கும், அதை எடுங்கள். மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம். பேட்டரி முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். கிரீஸ் நிப்பிளைத் துடைத்த பிறகே கன்னை மாட்டி, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். முன் ஆக்ஸில் நடுப் பின்னும் பெடல் ஷாஃப்ட்டும் அதிகம் விட்டுப்போகும் இடங்கள். டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்க வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டவணையில் இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஹைட்ராலிக் குழாயிலோ டீசல் பைப்பிலோ கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவு பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரல் போகும் அளவுக்கு வரும். ஓர் அட்டைத் துண்டை அருகில் பிடித்துப் பாருங்கள். அப்படி யாருக்காவது குத்திவிட்டால் வலி இல்லை என்று வீட்டில் உட்காராமல் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டிக்கு அடியில் போகும் முன் லிஃப்டை இறக்கி, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள்.

இறக்கிய பழைய ஆயிலைக் கேனில் பிடித்து டீலரிடமோ, உரிமம் உள்ள ஆயில் மறுசுழற்சிக்காரரிடமோ கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசுவதும் மரத்தடியில் ஊற்றுவதும் நம் பக்கம் பழக்கம். அதில் இருக்கும் நஞ்சும் உலோகத்தூளும் அந்த மண்ணில்தான் இறங்கும், உங்கள் கிணறும் அந்தத் தோப்புக்குள்தான் இருக்கிறது.

சர்வீஸ் முடிந்ததும் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி, ஆயில், ஃபில்டர் பில்லைப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். சக்கர நட்டுகளை அடுத்த பத்து மணி நேரத்தில் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள்.

பிறகு ரொட்டவேட்டரை மாட்டலாம். முதல் நாளே ஆழம் வைக்காமல், மேலாக ஓட்டி, மரத்துக்கு மரம் வேகத்தை மாற்றிக்கொண்டு போங்கள். தென்னை வேர் மண்டிக் கிடக்கும் இடத்தில் பிளேடு சிக்கினால், என்ஜின் சக்தியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் உள்ள ஷியர் போல்ட் உடையும். உடைவதற்காகவே வைத்த போல்ட் அது. அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்த அடி கியர் பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். கம்பெனி போல்ட்டில் நாலைந்து வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.